இந்த ரோடு யாரோடது? ஜீரோ கேட் முதல் எண்ணூர் வரை ஒரு தீராத வழக்கு!

பொழுது விடியும் முன்பே காசிமேடு விழித்துக்கொள்ளும். ஏலம் கூவுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், மீன்பாடி வண்டிகளின் ஹாரன்... மீனை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வெளியே வரும் பெண்கள் முதலில் தாண்ட வேண்டியது எண்ணூர் விரைவுச் சாலையை. சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு, 'முன்னால நிக்கிறவன் எப்ப எடுப்பானோ' என்று டிரைவர் இருக்கையை அண்ணாந்து பார்த்தபடியே தாண்ட வேண்டும். அவ்வளவு உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு, வண்டி மூக்கை ஒட்டி நடப்பவர் கண்ணில் படமாட்டார் என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

40 அடி கன்டெய்னர் என்றால் பெட்டி மட்டுமே 12 மீட்டர். இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் 16 மீட்டருக்குக் குறையாது. 60 வண்டிகள் நின்றால் ஒரு கிலோமீட்டர் சாலை காலி. துறைமுகத்தின் 'ஜீரோ கேட்'டில் ஒரு நாள் வேலை சுணங்கினால், அந்த வால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று எண்ணூர் பக்கம் நீண்டுகொண்டே போகும். வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்து, அங்கேயே தூங்கி, வரிசை நகரும்போது எழுந்து பத்தடி ஓட்டிவிட்டு மறுபடி தூங்கும் வாழ்க்கையை வடசென்னை பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. ஆம்புலன்ஸ் சிக்கியது, ஸ்கூல் வேன் சிக்கியது, இரவில் நிற்கும் டிரெய்லரின் பின்னால் பைக் மோதியது என்று கதை சொல்லத் தெரியாத வீடு இங்கே அரிது.

பள்ளம் விழுந்தாலும், விளக்கு எரியாவிட்டாலும், மழைத் தண்ணீர் வடியாவிட்டாலும் எழும் முதல் கேள்வி, 'எப்போது சரிசெய்வார்கள்?' என்பதல்ல. 'இந்த ரோடு யாரோடது?' என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். தேசிய நெடுஞ்சாலை யார் பொறுப்பு என்பதில் சட்டத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, சாலைகளைப் பொதுவாக மாநிலங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால், 'தேசிய நெடுஞ்சாலை' என்று அறிவிக்கப்பட்டவை மட்டும் மத்திய அரசின் பட்டியலில் 23-வது இனம். 1956-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் இன்னும் பச்சையாகவே சொல்கிறது. நான்காவது பிரிவின்படி அந்தச் சாலைகள் மத்திய அரசின் உடைமை. ஐந்தாவது பிரிவின்படி அவற்றை மேம்படுத்துவதும், பழுதில்லாமல் பராமரிப்பதும் மத்திய அரசின் பொறுப்பு.

அதே ஐந்தாவது பிரிவில் ஒரு சின்ன ஜன்னலும் உண்டு. இந்த வேலைகளை மாநில அரசும் செய்யலாம் என்று மத்திய அரசு உத்தரவிடலாம். அதனால்தான் தமிழ்நாட்டில் சில தேசிய நெடுஞ்சாலைகளை, 1988-ம் ஆண்டுச் சட்டப்படி பிறந்து 1995-ல் செயல்படத் தொடங்கிய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பார்த்துக்கொள்கிறது. மற்ற சிலவற்றை, மத்திய அரசின் பணத்தில், மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. பணம் வானத்திலிருந்து வருவதில்லை. பெட்ரோல், டீசல் மீது போடும் செஸ் வரியும், டோல்கேட்டில் கட்டும் காசும்தான். ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் நின்றால், நிற்பதற்கும் சேர்த்தே சாலை வரி கட்டுகிறார் என்று அர்த்தம்!

சிக்கல், நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் தொடங்குகிறது. கொல்கத்தாவிலிருந்து வரும் சாலையும் பெங்களூரிலிருந்து வரும் சாலையும் தங்க நாற்கரத் திட்டத்தில் அகலமாகி, சென்னையின் விளிம்பு வரை ஜம்மென்று வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் ஏற்றிய கன்டெய்னர் மதுரவாயல் வரை தடையில்லாமல் வந்துவிடும். கப்பல் நிற்பதோ ராயபுரத்தை ஒட்டி. நடுவில் இருப்பது ஊர். பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விட முடியாது. ஆகவே, அவை மாதவரம், மணலி, திருவொற்றியூர் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். அப்படிச் சுற்றிவரும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்கள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளாக இருந்தவை. துறைமுகம் மத்திய அரசுடையது, அங்கே போகும் சரக்கு நாட்டுக்கெல்லாம் பொதுவானது, ஆனால் அதைச் சுமக்கும் சாலை உள்ளூர்ச் சாலை. இதுதான் முடிச்சு.

நான்கு பேர் சேர்ந்து போட்ட ரோடு

1881-ல் செயற்கைத் துறைமுகம் கட்டி முடிக்கப்பட்டபோது சென்னைக்குச் சரக்கு வந்தது பெரும்பாலும் மாட்டு வண்டியிலும் ரயிலிலும்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டதே ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதானே! 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. பெட்டியைச் சுமக்க டிரெய்லர் வேண்டும், டிரெய்லருக்கு ரோடு வேண்டும். 2001-ல் எண்ணூரில் இன்னொரு பெரிய துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னாளில் அதற்குக் காமராஜர் பெயர். அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகமும் வந்தது. முதலில் எல் அண்ட் டி, 2018-லிருந்து அதானி. ஆக, ஒரே கரையில் மூன்று துறைமுகங்கள். நடுவில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் டேங்கர்களும், எண்ணூர் அசோக் லேலண்டின் வண்டிகளும் வேறு.

இத்தனைக்கும் சேர்த்துப் போடப்பட்ட திட்டம்தான் எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி ஆயில் ரிஃபைனரி சாலை, திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகியவை சேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர். இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர் துறைமுகம், தமிழ்நாடு அரசு என நான்கு பேரும் பங்காளிகள்.

நான்கு பேர் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்தால், கூட்டுக் குடும்பத்தில் வீடு கட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். 1990-களின் கடைசியில் தொடங்கிய பேச்சு, மண்ணில் வேலையாக மாற 2011 ஆனது. 150 கோடி ரூபாய் என்று போட்ட கணக்கு 600 கோடிக்குப் போனது. நிலம் மாநிலம் எடுத்துத் தர வேண்டும், பணத்தைப் பங்காளிகள் போட வேண்டும், வேலையை ஆணையம் செய்ய வேண்டும். ஒருவர் கை நின்றால் மற்ற மூன்று பேர் கையும் நின்றுவிடும். அகலப்படுத்தத் தேவைப்பட்ட இடத்தில் வீடுகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்துக் குடியிருந்த மீனவக் குடும்பங்களிடம் 'மாற்று வீடு தருகிறோம், எழுந்திருங்கள்' என்றால் உடனே எழுந்துவிட முடியுமா? படகும் வலையும் இங்கே, வீடு வேறெங்கோ என்றால் பிழைப்பு என்னாவது? அந்தப் பேச்சுவார்த்தையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதில் மீனவர்களைக் குறை சொல்லி எழுதியவர்கள் உண்டு. 13 வருடம் சாலை தாமதமானதற்கு அவர்கள் மட்டும் காரணம் என்று சொல்வது அநியாயம்.

சாலை போட்டால் மட்டும் போதாது, கடலையும் தடுக்க வேண்டும். இது வடசென்னைக்கே உரிய தலைவலி. சோழமண்டலக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வரத்து நின்று, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, சாலையின் ஓரத்தையும் அலை கடித்தது. கருங்கல் கொட்டினார்கள். பிறகு ஐ.ஐ.டி. ஆலோசனையோடு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. மெரினாவில் காற்று வாங்கும் குடும்பம் உட்கார்ந்திருப்பது ஒருவகையில் ராயபுரத்துக் கரைக்கு வந்து சேராத மணலில்! துறைமுகம் கட்டியது அரசு. அதனால் அரித்த கரையில் சாலை போட்டதும் அரசு. அந்தச் சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டுவதும் அரசு. பராமரிப்பு என்ற வார்த்தைக்கு இங்கே தார் ஊற்றுவது மட்டும் அர்த்தமல்ல.

புது ரோடு ஏன் சீக்கிரம் உடைகிறது?

'போட்டு ரெண்டு மழை தாங்கலை, அப்படி என்ன ரோடு போட்டாங்க' என்ற புலம்பலைக் கேட்காத டீக்கடை இல்லை. வேலை தரமில்லாமல் இருக்கலாம். ஆனால், இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சாலைகளைப் போட்டு, அதன் மேல் லாரிகளை விடாமல் ஓட்டி ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 16 மடங்கு என்று தெரிந்தது. எடையின் நான்காம் படி.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய காரின் அச்சில் அரை டன் எடை விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 டன் சுமக்கும் லாரி அச்சு அதைப்போல 20 மடங்கு. சேதமோ ஏறத்தாழ 1,60,000 மடங்கு! நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த அனுமதியை மத்திய அரசு 2018-ல் 11.5 டன்னாக உயர்த்தியது. லாரி உரிமையாளருக்கு லாபம், சரக்கு அனுப்புபவருக்கு லாபம். சாலைக்குத்தான் செலவு. அதுவும் ஓடுகிற லாரியைவிட நின்று நின்று நகரும் லாரி தாரை இன்னும் மோசமாகப் பிசையும். வெயிலில் இளகிய தாரில் டயர் தடம் பள்ளமாக விழும். மழையில் அதில் தண்ணீர் தேங்கும், தார் பெயரும், ஜல்லி சிதறும். அந்த ஜல்லியில் சறுக்குவது டிரெய்லர் அல்ல, கணவரை ஷிஃப்ட்டுக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் பெண்ணின் ஸ்கூட்டி.

ஆக, ஜீரோ கேட்டில் வரிசை நீள்வதும் ஒரு பராமரிப்புப் பிரச்னைதான். கேட்டைத் திறப்பது துறைமுகம். பெட்டியைச் சோதிப்பது சுங்கத் துறை. வரிசையை ஒழுங்குபடுத்துவது போலீஸ். பள்ளத்தை அடைப்பது சாலைக்காரர். இவர்களில் ஒருவர் செய்யும் தாமதத்துக்கு இன்னொருவர் தார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

கூவத்தில் நின்ற தூண்கள்

பொறுப்பு இரண்டு அரசுகளுக்கு நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னையில் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை.

கன்டெய்னர்கள் ஊரைச் சுற்றாமல், கூவம் கரையோரமாகத் தலைக்கு மேலேயே மதுரவாயலுக்குப் போய்விடட்டும் என்பது யோசனை. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர், 1,655 கோடி ரூபாய். 2010 செப்டம்பரில் வேலை தொடங்கி, தூண்கள் எழும்பின. 2011-ல் ஆட்சி மாறியது. 2012 மார்ச்சில், தூண்கள் ஆற்றின் போக்கை மறிக்கின்றன என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அப்போதும் வேலை தொடங்கவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

ஆற்றில் தூண் நடுவது பற்றிய கேள்வி தப்பு என்று சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஆனால், அந்தக் கேள்வியை அடிக்கல் நாட்டும் முன்பு கேட்டிருக்க வேண்டும். தூண் எழும்பிய பிறகு கேட்டதில் ஆறும் பிழைக்கவில்லை, ரோடும் வரவில்லை. கம்பி துருப்பிடித்த மொட்டைத் தூண்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றன. அத்தனை வருடமும் மேலே போயிருக்க வேண்டிய கன்டெய்னர்கள் மணலி, திருவொற்றியூர் தெருமுனைகளைத் தாண்டிக்கொண்டிருந்தன.

பிறகு திட்டமே மாறியது. இரண்டு அடுக்குச் சாலை. கீழ்த்தளம் ஊருக்குள் போகிறவர்களுக்கு, மேல்தளம் துறைமுகச் சரக்குக்கு. 20.5 கிலோமீட்டர், செலவு 5,800 கோடி ரூபாய்க்கு மேல். 2022 மே மாதம் மத்திய அரசும் மாநில அரசும் துறைமுகமும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதே மாதம் 26-ம் தேதி பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள், இரண்டு அடிக்கல், மூன்றரை மடங்கு செலவு.

காசு வாங்கினால் கணக்கு உண்டு

பொறுப்பை நினைவுபடுத்தும் வேலையைச் சில நேரம் கோர்ட்டுகள் செய்திருக்கின்றன. மதுரவாயலில் தொடங்கி வாலாஜா வரை போகும் நெடுஞ்சாலை குண்டும் குழியுமாக இருந்தபோது, 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 'பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும்' என்று உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் திருச்சூர் அருகே பாலியேக்கரை டோல்கேட்டில் வசூலையே நிறுத்திவைத்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நல்ல சாலைக்குத்தான் கட்டணம் என்பது இந்தத் தீர்ப்புகளின் சாரம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ விதியை மீறி, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு உயிருக்கு ஒரு லட்சம் என்பது கேலிக்கூத்தான தொகைதான். ஆனாலும், விபத்து என்றால் ஓட்டியவர் மட்டும்தான் குற்றவாளி என்றிருந்த நிலை அதில் கொஞ்சம் மாறியிருக்கிறது.

சரி, வீட்டு வாசலில் இருக்கும் சாலை யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் தலை இருந்தால் 1033-க்கு 24 மணி நேரமும் போன் செய்யலாம். விபத்து, பழுதான வண்டி, பள்ளம் எல்லாவற்றுக்கும் அதுதான் எண். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் 'நம்ம சாலை' என்ற செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். சென்னை மாநகராட்சித் தெரு என்றால் 1913. திருவொற்றியூரும் மணலியும் கத்திவாக்கமும் 2011-லிருந்து மாநகராட்சிக்குள்தான் இருக்கின்றன.

கல்லே இல்லாத இடத்தில்? சாலை ஒருவர், அதன் ஓரத்து மழைநீர் வடிகால் ஒருவர், அடியில் ஓடும் பாதாளச் சாக்கடை ஒருவர், மேலே எரியும் விளக்கு ஒருவர் என்று பிரிந்து கிடக்கும் இடத்தில்? அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். 'இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை இந்தச் சாலையைப் பராமரிக்கும் அலுவலகம் எது? ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் எப்போது முடிகிறது?' மனு தப்பான அலுவலகத்துக்குப் போனாலும் கவலையில்லை. சரியான அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் அனுப்பிவைக்க வேண்டியது அவர்கள் கடமை. 'எங்க ரோடு இல்லைம்மா' என்று வாயால் சொல்லி அனுப்புவதைப் போல அதை எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் அவ்வளவு சுலபமாக மனசு வராது.

ஈரடுக்குச் சாலை முடிந்தால், மேற்கே ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர் போகும் பெட்டிகள் தலைக்கு மேலே போய்விடும். வடக்கே போகும் சரக்குக்கு, எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூருக்குப் போகும் சென்னை எல்லைச் சாலையின் முதல் பகுதி இருக்கிறது. ஜப்பானின் ஜைகா நிறுவனக் கடனில் அதைப் போடுவது மாநில நெடுஞ்சாலைத் துறை. ஆனால், மணலியிலும் திருவொற்றியூரிலும் உள்ள கிடங்குகளுக்கும் யார்டுகளுக்கும் போகும் பெட்டிகளுக்கு இரண்டுமே வழியல்ல. அவை ஜீரோ கேட்டைத் தாண்டி இதே எண்ணூர் விரைவுச் சாலைக்குத்தான் வரும். காசிமேட்டில் கூடை தூக்கும் பெண்களும் அதே சாலையைத்தான் தாண்டுவார்கள்.